மாடியில் குடியிருந்த வெர்சிபெல்லிஸ்

தாமஸ் ஹார்ட்விக் என்று பெயர் சொல்லிக்கொண்டு அந்த வெள்ளைக்காரர் குடிவந்தது தொண்ணூற்றாறாம் வருஷம் ஆனி மாதத்தில். செங்கம் ரோட்டிலிருந்து மலைப்பக்கமாகப் பிரியும் தெருவில் ஜெயந்திமாலாவின் வீடுதான் கடைசி. மாடியில் ஒற்றை அறை, அதற்கு முன்னால் மொட்டைமாடி, வெளிப்பக்கமாக ஏறும் படிக்கட்டு. மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று தங்கிவிட்டுப் போவார்கள். புருஷன் ஆதிராஜ் இருந்தவரைக்கும் அந்த அறையில் மணிலாக்கொட்டை மூட்டைதான் கிடந்தது.

ஆதிராஜ் கணக்கு வாத்தியார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனவர், வாத்தியார்கள் அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சாயங்காலம் பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது வீட்டில் மூன்று பேர்: ஜெயந்திமாலா, ஆறாவது படிக்கும் மகள் ஸ்வேதா, மாமனார் தரணேந்திர நயினார். மாமனாருக்குக் கண் பார்வை போய் வெகுநாளாகிறது. வந்தவாசிப் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனோடு வந்து இருந்தவர், மகன் போன பிறகு கூடத்து நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே அபூர்வமாகிவிட்டது.

வந்த வெள்ளைக்காரர் ஒடிசலாக இருந்தார். செம்பட்டைப் புருவம், சாம்பல் நிறக் கண்கள். எத்தனை தடவை பார்த்தாலும் மனசில் பதியாத முகம். பாண்டிச்சேரியில் கற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒருமாதிரி புத்தகத் தமிழ் பேசினார். இங்கிலாந்தில் லத்தீன் வாத்தியாராக இருந்தாராம். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அங்கே இருக்கும் தன் அக்காவின் போன் நம்பரைக் கொடுத்தார்.

"இங்க என்ன வேலையா வந்திருக்கீங்க?" என்று ஜெயந்திமாலா கேட்டாள்.

"லத்தீனில் ஏமாற்றுக்காரனுக்கு எத்தனை சொல் உண்டோ, அத்தனையும் சேகரிக்கிறேன். ஒவ்வொன்றும் எந்த வகை ஏமாற்றுக்காரன் என்று ஒரு புத்தகம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அமைதி தேடி, ஞானம் தேடி வந்தவர்களையெல்லாம் அந்த அறை பார்த்திருக்கிறது. ஏமாற்றுக்காரனைத் தேடி வந்தவர் இவர் ஒருத்தர்தான்.

புத்தகம் எழுதுகிறேன் என்றவர் பேனாவைத் தொட்டு அவள் பார்த்ததில்லை. மத்தியான வெயில் இறங்கியதும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அந்தச் சொற்களை வாய்விட்டுச் சொல்வார், ஜபம் மாதிரி. இம்போஸ்டர். பிளானுஸ். வெத்தெராத்தோர். துணி எடுக்கப் போகிறவள் நின்று கேட்பாள். அவள் பி.ஏ. ஆங்கிலம் படித்தவள், வார்த்தைகள் மேல் ஒரு பிரியம் உண்டு.

"பிளானுஸ்னா?"

"ஊர் ஊராகச் சுற்றி ஏமாற்றுகிறவன். ஓரிடத்தில் நிற்க மாட்டான்."

"வெத்தெராத்தோர்?"

"ஏமாற்றியே பழகி, அதிலேயே வயதானவன். பிரேஸ்டிகியாத்தோர் என்று ஒருவன் இருக்கிறான். அந்தச் சொல்லின் வேரில் இறுக்கிக் கட்டுவது என்ற அர்த்தம் இருக்கிறது. பார்க்கிறவர்களின் கண்ணைக் கட்டுகிறவன்."

"அட, நாங்களும் கண்கட்டு வித்தைன்னுதானே சொல்றோம்!"

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "கண்கட்டு வித்தை" என்று திருப்பிச் சொன்னார், அவள் சொன்ன அதே இழுப்பில். அன்றைக்கு அவளுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

"இருக்கிறதிலேயே எனக்குப் பிடித்தது வெர்சிபெல்லிஸ்" என்றார். "தோலை மாற்றிக்கொள்கிறவன். தந்திரக்காரனுக்கும் அதே சொல், ஓநாயாக மாறுகிற மனிதனுக்கும் அதே சொல்."

"பாம்பு சட்டை உரிக்கிற மாதிரியா?"

"பாம்பு தன் சட்டையை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. இவன் அடுத்தவர் விட்டதை எடுத்துப் போட்டுக்கொள்கிறவன்."

ஆடி பிறந்தபோது அவருடைய தமிழ் மாறியிருந்தது. "வந்துவிட்டேன்" என்றவர் "வந்துட்டேன்" என்றார். "உப்பு ஜாஸ்தியா இருக்குதுங்க" என்று சொன்னபோது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வந்தவாசிக்காரர் என்றுதான் தோன்றும். சாப்பாட்டுக்குக் கீழேயே வரத் தொடங்கினார். ஜைனக் குடும்பம் என்பதால் பொழுது இறங்குவதற்குள் இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். வெளிநாட்டுக்காரர்களுக்கு அது ஒத்துவராது. இவரோ சூரியன் மலைக்குப் பின்னால் சரியும் நேரத்தில் தானாகவே வந்து மணையில் உட்கார்ந்துவிடுவார். முதலில் மோர்சாதம், அப்புறம் குழம்பு. அப்படிச் சாப்பிடுகிற ஒரே ஒரு மனிதரைத்தான் ஜெயந்திமாலா பார்த்திருந்தாள். மாமனார் பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு நடை மாறியது. மாடிப்படியில் இறங்கும்போது கடைசிப் படிக்கு முன்னால் ஒரு நிறுத்தம், வாசலுக்கு வந்ததும் ஒரு தொண்டைக் கனைப்பு. முதல் தடவை அந்தக் கனைப்பைக் கேட்டபோது மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு?" என்றார்.

ஒரு மத்தியானம் அவள் சமையலறையில் முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. கூடத்திலிருந்து குரல் வந்தது.

"மாலா, குடையை எடுத்துக்கினு போறேன்."

சல்லடை கையிலிருந்து விழுந்தது. அவளை எல்லாரும் ஜெயந்தி என்றுதான் கூப்பிடுவார்கள். மாலா என்று கூப்பிட்டவர் ஆதிராஜ் ஒருவர்தான், அதுவும் வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது. அந்தக் கடைசிக் காலையில் மாமனார் ஊருக்குப் போயிருந்தார், ஸ்வேதா தூங்கிக்கொண்டிருந்தாள். குடையைப் பற்றி அவர் சொன்ன அந்தக் கடைசி வார்த்தைகளை ஜெயந்திமாலா யாரிடமும் சொன்னதில்லை.

ஓடி வந்து பார்த்தாள். வெள்ளைக்காரர் மாமனாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கிழவர் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்து மார்பில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "கெணத்து மோட்டாரு ரிப்பேரு பண்ணியாடா ராஜா?" என்று கேட்டார். "பண்ணிட்டேம்ப்பா, தண்ணி நல்லா வருது" என்று ஆதிராஜின் குரல் சொன்னது. செம்பட்டைப் புருவத்துக்குக் கீழே சாம்பல் கண்கள் அவளை நிமிர்ந்து பார்த்தன. அவற்றில் கேலி இல்லை. ஏதோ அனுமதி கேட்கிற மாதிரி இருந்தது.

மாமனார் தூங்கியதும் அவள் மாடிக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. அறையில் புத்தகம் எதுவும் இல்லை. கட்டில், ஒரு துணிப்பை, அவ்வளவுதான்.

"யாருங்க நீங்க?"

"தாமஸ் ஹார்ட்விக் காசியில என் பக்கத்து அறையில இருந்தாரு. உடம்பு சரியில்லாம கெடந்தாரு. ராத்திரி பகலா பேசுவாரு, நான் கேப்பேன். அந்த வார்த்தைங்க எல்லாம் அவரோடதுதான். அவரு செத்ததும் அந்தப் பேச்சு நிக்கக் கூடாதுன்னு தோணுச்சு."

"அதுக்கு முன்னாடி நீங்க யாரா இருந்தீங்க?"

"கல்கத்தாவுல ஒரு டாக்டரு."

"உங்க சொந்தப் பேரு என்ன?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே நின்றான். உண்மையாகவே யோசிக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. யோசிக்க யோசிக்க அந்த முகத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றது. தாமஸின் புன்சிரிப்பு போயிற்று. ஆதிராஜின் நெற்றிச் சுருக்கம் போயிற்று. கடைசியில் மிஞ்சியது, ஆள் குடியில்லாத வீட்டின் ஜன்னல் மாதிரி ஒரு முகம்.

"தெரியலிங்க" என்றான். "யாராவது ஒருத்தரை ரொம்ப நெனச்சுக்கினு இருக்கிற வீட்டுல எனக்கு எடம் இருக்கும். நானாத் தேடிப் போறதில்ல. கால் அங்க கொண்டுபோய் விட்டுடும்."

"நாளைக்கே காலி பண்ணிடுங்க."

"சரி, மாலா" என்றான்.

அந்த ஒரு சொல்லில் அவள் தோற்றுப்போனாள். படி இறங்கியவள் பாதியில் நின்றாள். மறுநாள் விடிந்தது. அவன் போகவில்லை, அவளும் போகச் சொல்லவில்லை.

அந்த ஆவணி, புரட்டாசி மாதங்களைப் பற்றி ஜெயந்திமாலா பிற்பாடு யாரிடமும் அதிகம் பேசியதில்லை. தப்பாக ஒன்றும் நடக்கவில்லை. அவன் அவளைத் தொட்டதில்லை, அவளும் கிட்டே போனதில்லை. மத்தியானத்தில் மொட்டைமாடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். பின்னாலிருந்து ஆதிராஜ் பேசுவார்: பள்ளிக்கூடத்துக் கதை, ஹெட்மாஸ்டரின் கஞ்சத்தனம், ஸ்வேதா பிறந்த அன்று பஸ் கிடைக்காமல் போளூரிலிருந்து லாரியில் வந்தது. திரும்பிப் பார்க்காதவரைக்கும் அவர் இருந்தார். அவள் மறுபடி கண்ணாடி முன்னால் நின்று பின்னல் போட்டுக்கொண்டாள். மாமனார் நாற்காலியை விட்டு எழுந்து தெருமுனை வரைக்கும் நடந்தார். "எம்மவன் கூட வரான்" என்று எதிரில் வருகிறவர்களிடம் சொல்வார். அந்தத் தெருவில் எல்லாருக்கும் ஆதிராஜ் செத்தது தெரியும். பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் ஒருநாள் ஜெயந்திமாலாவிடம் கேட்டேவிட்டாள்.

"இன்னாடி ஜெயந்தி, அந்த வெள்ளைக்காரன் உங்க மாமனாரோட பேசிக்கினு போறான், எனக்கு வாத்தியார் போற மாதிரியே தெரியுது. ஒருதரம் பேரைச் சொல்லிக் கூப்ட்டுட்டேன். திரும்பிப் பாக்கறான்டீ!"

ஜெயந்திமாலா சிரித்து மழுப்பினாள்.

ஐப்பசியில் ஒருநாள் ஸ்வேதாவின் பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் படம் வரையச் சொன்னார்கள். தாத்தா, அம்மா, அப்பா என்று வரைந்து கொண்டுவந்து காட்டினாள். அப்பாவுக்குப் புருவத்தைச் செம்பட்டையாகவும் கண்ணைச் சாம்பலாகவும் தீட்டியிருந்தாள்.

"அப்பாவுக்குக் கறுப்புக் கண்ணுதானேடி?" என்று ஜெயந்திமாலா கேட்டாள்.

"இல்லியே. அப்பாவுக்கு இப்டித்தான்."

"மேல இருக்கிற அங்கிள் வேற, அப்பா வேற."

குழந்தை குழம்பிப்போய் அவளைப் பார்த்தது. "அப்ப, அப்பா எப்டிம்மா இருப்பாரு?"

ஜெயந்திமாலா சொல்லத் தொடங்கினாள். கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். பள்ளிக்கூட வேட்டி தெரிந்தது, குடை தெரிந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் செம்பட்டைப் புருவம் வந்தது. வேறு பக்கமாக நினைத்தாள்: கல்யாணப் பந்தல், மாலைக்கு மேலே குனிந்த தலை. அங்கேயும் சாம்பல் கண்கள். எழுந்து ஓடிப்போய்க் கூடத்துச் சுவரில் மாலை போட்டிருந்த போட்டோவைப் பார்த்தாள். கறுப்புக் கண், அடர்ந்த மீசை, ஒரு பக்கம் ஏறிய உதடு. யார் வீட்டுப் போட்டோவோ மாறி வந்து தொங்குவது போல இருந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றாள். எதுவும் திரும்ப வரவில்லை.

குரல் வந்த வழியிலேயே முகம் போய்க்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அவன் ஆதிராஜைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. அவர்கள் மனசில் வைத்திருந்த மிச்சத்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

ஆசிரமத்துக்கு எதிரே இருந்த டெலிபோன் பூத்துக்குப் போய் இங்கிலாந்துக்குப் பேசினாள். தாமஸின் அக்கா எடித் போனை எடுத்தாள். தெரிந்த இங்கிலீஷில் ஜெயந்திமாலா எல்லாவற்றையும் சொன்னாள்: உங்கள் தம்பி காசியில் இறந்துவிட்டார், அவர் பெயரில் வேறொருவன் இங்கே இருக்கிறான். எடித் விலாசத்தைக் கேட்டு எழுத்தெழுத்தாகக் குறித்துக்கொண்டாள். பிறகு, "நான் வருகிறேன்" என்றாள்.

கார்த்திகை தீபம் முடிந்து கூட்டம் வடிந்த பிறகு, ஒரு காலையில் மெட்ராஸிலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கினாள் எடித். நரைத்த தலை, கனத்த காலணி, கையில் ஒரு போட்டோ. அதில் தடித்த, வழுக்கை விழுந்த ஒரு மனிதர் நாயோடு நின்றுகொண்டிருந்தார்.

"இவன்தான் தாமஸ். சின்ன வயதில் ஒரு இயந்திரத்தில் மாட்டி இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது" என்று இங்கிலீஷில் சொன்னாள். "அவனா இல்லையா என்று பார்த்தால் எனக்கு நொடியில் தெரிந்துவிடும்."

மாடிப்படியில் காலடி கேட்டது. அது ஆதிராஜின் நடையாகத் தொடங்கியது. இறங்க இறங்கக் கனத்தது. தடித்த மனிதர் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற ஓசையாக மாறியது. ஜெயந்திமாலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் வந்து நின்றது அதே ஒடிசலான உடம்புதான்.

"ஈடீ" என்று எடித்தின் பெயரைச் செல்லமாகச் சுருக்கிக் கூப்பிட்டான். "அம்மா இன்னும் அந்தப் பச்சைக் கதவைப் பூட்டித்தான் வைத்திருக்கிறாளா?"

எடித்தின் கையிலிருந்து போட்டோ நழுவியது. அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள். அவன் முன்னால் மண்டியிட்டான். எடித் அவனுடைய இடது கையை எடுத்து, இருக்கக்கூடாத அந்த இரண்டு விரல்களையும் தடவிப் பார்த்தாள். ஒவ்வொன்றாக, நிதானமாக. பிறகு அந்தக் கையை மூடித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஊருக்குப் போகலாம், டாம்" என்றாள்.

ஜெயந்திமாலா பதறிப்போனாள். எடித்தின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்த் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். "இது உங்க தம்பி இல்ல. இவன் கூட இருந்தா, உண்மையான தம்பியோட முகம் உங்களுக்கு மறந்துபோயிடும். எனக்கு நடந்துச்சு."

"தம்பி இல்லை என்று எனக்குத் தெரியும்" என்றாள் எடித். "அவன் வீட்டை விட்டுப் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சண்டை போட்டுக்கொண்டு போனான். நான்தான் போகச் சொன்னேன். ஒரு வார்த்தை பேச மாட்டானா என்று அத்தனை வருஷமும் காத்திருந்தேன். மறந்துபோவதற்கு என்னிடம் என்னம்மா மிச்சம் இருக்கிறது?"

ஜெயந்திமாலா எடித்தின் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

அவன் துணிப்பையோடு காரில் ஏறப் போகும்போது, கூடத்திலிருந்து கிழவர் கூப்பிட்டார். "ராஜா, எங்கடா கெளம்பிட்டே?"

அவன் கார்க் கதவில் கை வைத்தபடி நின்றான். திரும்பி ஜெயந்திமாலாவைப் பார்த்தான், அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தக் குரலில் பதில் சொல்லிவிட்டுப் போகட்டுமே என்று அவளுக்கு ஆசை எழுந்தது. அவள் தலையை அசைத்தாள், கூடாதென்று. அவன் தலையைக் குனிந்துகொண்டு வண்டியில் ஏறினான்.

"ராஜா!"

"அது அவரில்ல, மாமா" என்றாள் ஜெயந்திமாலா, அவர் காலடியில் உட்கார்ந்து. "அவரு செத்து மூணு வருஷமாச்சு. நாமதானே கொள்ளி வெச்சோம். இது யாரோ ஒருத்தன்."

தரணேந்திர நயினார் அவள் கையை உதறினார். "எம்மவனை ரெண்டாந்தரமும் அனுப்பிச்சிட்டியேடி" என்றார். அன்றையிலிருந்து அவளோடு அவர் பேசவில்லை. தைமாதம் வந்தவாசியிலிருந்து அவருடைய மகள் வந்து அழைத்துக்கொண்டு போனாள். வண்டியில் ஏறும்போது ஸ்வேதாவின் தலையைத் தடவினார். ஜெயந்திமாலா நின்ற பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அடுத்த வருஷம் அங்கேயே காலமானார். அந்தக் கோபம் அவருக்குத் தீரவேயில்லை.

ஜெயந்திமாலா ஆதிராஜின் முகத்தைத் தேடிப் போனாள். கூட வேலை பார்த்த வாத்தியார்கள், ஊரில் அவரோடு ஓடியாடிய பங்காளிகள், முடி வெட்டிவிட்ட பரசுராமன் எனக் கண்டவர்களிடமெல்லாம் அவர் எப்படி இருப்பார் என்று கேட்டாள். புருஷன் முகத்தைப் பிறத்தியாரிடம் கேட்கிறாளே என்று சிலர் வருத்தப்பட்டார்கள், சிலர் பயந்தார்கள். "இடது காதுல ஒரு வெட்டுத் தழும்பு, நான்தாம்மா போட்டேன், கத்தி வழுக்கிடுச்சு" என்று பரசுராமன் சொன்ன அன்று அந்தக் காது வந்தது. காதிலிருந்து கன்னம், கன்னத்திலிருந்து மீசை என்று மெல்ல மெல்ல முகம் திரும்பியது. ஸ்வேதாவுக்கும் சொல்லிச் சொல்லி ஏற்றினாள். குரல் மட்டும் வரவில்லை. ஆதிராஜ் பேசுவதாக நினைத்துப் பார்த்தால், அது யார் பேசுவது என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இரண்டாயிரமாம் வருஷக் கடைசியில் இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எடித்தின் பக்கத்து வீட்டுக்காரி எழுதியிருந்தாள். எடித் குளிர்காலத் தொடக்கத்தில் தூக்கத்திலேயே இறந்துவிட்டாள், தேவாலயத்தில் அடக்கம் செய்தோம், கடைசிக் காலத்தில் தம்பியோடு ரொம்பச் சந்தோஷமாக இருந்தாள், தம்பியை அதற்கப்புறம் காணவில்லை என்று.

மாசி மாதம் ஒரு பிற்பகல், புதிதாக வாங்கியிருந்த வீட்டு டெலிபோன் அடித்தது. ஜெயந்திமாலா எடுத்தாள். தூரத்துக் கால் என்பது இரைச்சலிலேயே தெரிந்தது.

"ஜெயந்தி?" என்று இங்கிலீஷில் ஒரு கிழவியின் குரல், லேசான நடுக்கத்தோடு. "நான் எடித். நலம்தானே? அந்த மாடி அறை காலியாக இருக்கிறதா?"

ரிசீவரைப் பிடித்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஸ்வேதா தலையை நிமிர்த்தி, "யாரும்மா?" என்றாள்.

ஜெயந்திமாலா தமிழிலேயே பேசினாள். "எங்க வீட்டுல செத்தவங்களை நாங்களே பாத்துக்குறோம். இங்க உங்களுக்கு எடம் இல்லீங்க. வராதீங்க."

அந்தப் பக்கம் எடித்தின் மூச்சு இருந்தது, பிறகு அது இல்லை. கடைசியில், "சரிங்க" என்று ஒரு குரல் சொன்னது. ஆதிராஜ் இல்லை, தாமஸ் இல்லை, எடித்தும் இல்லை. இளசாக, மெலிசாக, பேசிப் பழக்கமில்லாத ஒரு குரல். அதை அவள் அதற்கு முன்னால் கேட்டதேயில்லை.

லைன் அறுந்தது. ஸ்வேதா எழுந்து வந்து, அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ரிசீவரை வாங்கி வைத்தாள்.